சார்ஜெண்ட் வேஷம் எனக்குத்தான்

4 மே 1974, சனி, சிட்னி

பிஸ்கட் ஃபேக்டரியில் இன்று அரை நாள்தான். முடிந்ததும் நேரே ரெட்ஃபெர்ன் ஹாலுக்குப் போனேன். எங்கள் நாடகத்தை நடத்தும் ரோனா அக்கா எல்லோரையும் தரையில் உட்காரவைத்திருந்தாள். நேற்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருக்கிறாள். பெரியம்மா சம்மதம் கொடுத்துவிட்டாளாம். பெற்றவளைக் கேட்காமல் செத்தவன் கதையை மேடை ஏற்றக் கூடாது. அதற்காகத்தான் அக்கா அவ்வளவு தூரம் ரயிலில் போய், பெரியம்மா வீட்டு அடுப்பங்கரையில் டீயைக் குடித்துக் குடித்துக் காத்திருந்து சம்மதம் வாங்கி வந்தாள். பெரியம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அவன் பெயரை மேடையில் சொல்லக் கூடாது. நாடகத்தில் 'சன்னி' என்று வைத்திருக்கிறார்கள்.

நானும் இங்கே அவன் பெயரை எழுதப்போவதில்லை. செத்தவர் பெயரை எங்கள் பூர்வகுடி ஆட்கள் வாயில் எடுப்பதில்லை. சிறுவர் ஹோமில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் பதினெட்டு வயதுக்கு மேல்தான் தெரியும். புதிதாக மதம் மாறியவன் மாதிரி நடந்துகொள்கிறேன் என்று டார்சி கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும்.

தம்பி என்று எழுதினால் போதும். என் அம்மாவின் அக்கா ஐடா பெரியம்மாவின் மகன். பத்தொன்பது வயது. குடித்துவிட்டுத் தெருவில் பாடினான் என்று மார்ச் மாதம் ஊர் லாக்கப்பில் போட்டார்கள். காலையில் பிணமாகத் தந்தார்கள். அவனுக்கு இளைப்பு உண்டு என்று ஊருக்கே தெரியும். ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினான் என்கிறான் சார்ஜெண்ட்.

தம்பியாக யார் நடிப்பது என்று பேச்சு வந்தபோது நான் கை தூக்கினேன். என் வெளுத்த தோலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

"டேய் கிளெம், உன்னை லாக்கப்புல போட்டா போலீஸ்காரனே பதறிப்போய், 'சார், வழி தெரியாம வந்துட்டீங்களா'ன்னு கதவைத் திறந்து விட்ருவான்டா," என்றான் டார்சி.

நானும் சிரித்தேன். சிரிக்காமல்?

தம்பி வேஷம் டார்சிக்கு. சார்ஜெண்ட் வேஷம் எனக்கு.

7 மே, செவ்வாய்

ரோனா அக்காவிடம் தனியாகப் போய்ச் சண்டை போட்டேன். என் தம்பியைக் கொன்றவனாக நான் எப்படி நிற்பது? வேறு ஆளே கிடைக்கவில்லையா?

அவள் தைத்துக்கொண்டிருந்த போலீஸ் சட்டையைக் கீழே வைக்கவில்லை. "நம்ம மேடையில வெள்ளைக்காரன் காலு படக் கூடாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணோம். நீயும்தான் கை தூக்கின. அப்ப வெள்ளைக்காரன் வேஷத்த யாரு கட்டுறது? டார்சி மூஞ்சிக்கு மாவு பூசினா சனம் சிரிக்கும். இதுக்கு ஒருத்தன்கூட சிரிக்கக் கூடாது கிளெம். அவங்கவங்ககிட்ட இருக்கறதத்தான் குடுக்க முடியும். உன்கிட்ட அந்த மூஞ்சி இருக்கு."

அவள் சொல்வது நியாயம். அதுதான் வயிற்றெரிச்சல்.

14 மே, செவ்வாய்

ஒத்திகை. முதல் இரண்டு தடவையும் கத்தினேன். கன்னாபின்னாவென்று கத்தினேன். ரோனா அக்கா கையை உதறினாள். கத்துகிற போலீஸைப் பார்த்து யாருக்குப் பயம், தெருவில் தினம் பார்க்கிறார்களே என்றாள்.

மூன்றாவது தடவை என்ன ஆனதென்று தெரியவில்லை. ஹோமில் இருந்த சூப்பிரண்டின் குரல் வந்துவிட்டது. அந்த ஆள் ஒருநாளும் கத்தியதில்லை. சட்டைக் கையை மெதுவாக மடித்துக்கொண்டே பேசுவான். முழங்கை வரை மடித்து முடிப்பதற்குள் நாங்கள் சுவர் ஓரமாக வரிசையில் நின்றிருப்போம். நான் சட்டைக் கையை மடித்தேன். "யார் உன்னை அழச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டேன். டார்சி நிஜமாகவே பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

முடிந்ததும், "எங்கடா கத்துக்கிட்ட இத?" என்றான். குரலில் கிண்டல் இல்லை.

நாலு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவன் நிறத்துக்கு வெள்ளைக்காரனாகவே வளர்ந்துவிடலாம் என்று அரசாங்கத்து ஆள் சொன்னானாம். பதினாலு வருஷம் அடி வாங்கியதில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அடிப்பவன் எப்படி நிற்பான் என்று அடி வாங்கினவனைத் தவிர யாருக்குத் தெரியும்?

ரோனா அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் இருந்தது. ஒன்றை நன்றாகச் செய்தேன் என்ற சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

25 மே, சனி

நிலவுரிமை ஊர்வலம். டார்சியும் நானும் ஒரே பேனரை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு போனோம். பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, உங்களை மாதிரி வெள்ளைக்காரர்களும் ஆதரவு தருவது பெரிய விஷயம் என்று கை குலுக்கினாள். நான் கூரி, பூர்வகுடிதான் என்றேன். அப்படியா, தெரியவே இல்லை என்றாள். தெருக்கோடி வரைக்கும் டார்சி சிரித்துக்கொண்டே வந்தான். பேனர் ஆடிக்கொண்டே வந்தது.

1 ஜூன், சனி

முதல் காட்சி. ஹால் கொள்ளவில்லை, ஜன்னலில் எல்லாம் ஆட்கள். லாக்கப் காட்சியில் நான் சட்டைக் கையை மடித்தபோது கூட்டத்தில் ஒரு பெண் "போதும்டா பாவி" என்றாள். அடுத்த நொடி ஒரு ஷூ வந்து காதோரம் பட்டது. நான் நகரவில்லை. வேஷத்தை விடவில்லை. டார்சி 'மூச்சு முட்டுது சார்' என்று கெஞ்ச, பெல்ட்டால் அடித்தேன். அடி தரையில்தான் விழுந்தது. ஹால் முழுக்க அழுதது.

திரை மூடியதும் டார்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என்னிடம் வந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வார்கள்?

2 ஜூன், ஞாயிறு

காதோரம் வீங்கியிருக்கிறது. அதுதான் உனக்கு விருது என்கிறாள் ரோனா அக்கா.

11 ஜூன், செவ்வாய்

இப்போது எனக்குப் பெயரே சார்ஜெண்ட்தான். பப்பில் நுழைந்தால் 'பாட்டிலை மறைங்கடா, சார்ஜெண்ட் வர்றாரு' என்கிறார்கள். வாடிக்கையாக நான் உட்காரும் இடத்தில் டார்சி கோட்டைப் போட்டு வைத்திருந்தான். விளையாட்டுதான். ஆனால் எடுக்கவில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சர்ச் கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடும் இடத்தில் நடந்ததுதான் விளையாட்டு இல்லை. முட்டை பரிமாறிக்கொண்டு வந்தேன். ஒரு சின்னப் பெண், ஐந்து வயதுகூட இருக்காது, என்னைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அவளை நாடகத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். எவன் கூட்டி வந்தான்? நான் மண்டியிட்டு, பாப்பா, நான் கிளெம், போன வாரம் உனக்கு ஷூ நாடா கட்டிவிட்டேனே என்றேன். அவள் பயத்தில் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.

அங்கே சமைக்கும் பெண்கள் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்கு நீ பின்னால் தட்டு கழுவு, தம்பி. பிள்ளைகள் மறந்துவிடும்.

கழுவினேன். கழுவாமல் என்ன.

28 ஜூன், வெள்ளி

அடுத்த மாதம் பெரியம்மா வருகிறாள். தம்பி மரண விசாரணைக்கு முன்னால் வக்கீலைப் பார்க்க வேண்டுமாம். அப்படியே நாடகத்தையும் பார்ப்பாளாம்.

சார்ஜெண்ட் யாரென்று பெரியம்மாவிடம் சொன்னாயா என்று ரோனா அக்காவைக் கேட்டேன். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்கிறாள். கதைக்குச் சம்மதம் கேட்டார்கள், பெயருக்குச் சம்மதம் கேட்டார்கள், எந்தப் பாட்டு பாடலாம் என்றுகூடக் கேட்டார்கள். இதைக் கேட்க எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

19 ஜூலை, வெள்ளி

சென்ட்ரல் ஸ்டேஷனில் பெரியம்மாவை நான்தான் போய் அழைத்து வந்தேன். போவதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: பெரியம்மா, நாடகத்தில் நான் எடுத்திருக்கிற வேஷம் இது. பார்க்க வேண்டாம்.

ரயிலிலிருந்து இறங்கியதும் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் காதைப் பிடித்தாள். ஹோமிலிருந்து வெளியே வந்து, யாரைத் தேடுவதென்று தெரியாமல் ஊர் ஸ்டேஷனில் நின்ற அன்றைக்கும் இதைத்தான் செய்தாள். அம்மா அதற்குள் செத்துப்போயிருந்தாள். என் நிறத்தைப் பார்த்து அரசாங்கத்து ஆள் என்று நினைத்து எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். இவள் ஒருத்திதான் கிட்டே வந்து, காதைப் பிடித்துப் பார்த்து, இது என் தங்கச்சி காது என்றாள். அவ்வளவுதான் எனக்கு இந்த உலகத்தில் அத்தாட்சி. வேறு ஒரு காகிதமும் கிடையாது. அவள் சொன்னாள் என்றுதான் இவர்கள் எல்லோரும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வழியில் தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தேன். "பெரியம்மா, நாடகத்துல நான்..."

"தெரியும்டா. நீயும் நடிக்கிறேன்னு ரோனா சொன்னா. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. தம்பி வேஷத்த அண்ணன்தானே போடணும்? என் ஒரு புள்ளைய இன்னொரு புள்ள மேல பாக்கப்போறேன்."

என் கையைத் தட்டிக்கொடுத்தாள். முகத்தில் மார்ச்சுக்கு அப்புறம் நான் பார்க்காத ஒரு தெளிவு.

சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. என்ன மனுஷன் நான்?

20 ஜூலை, சனி

முன்வரிசையில் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். நீலக் கோட்டு, தொப்பி. சர்ச்சுக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள்.

டார்சி பாடிக்கொண்டே மேடைக்கு வந்ததும் அவள் கண் என்னைத் தேடியது. திரை மறைவிலிருந்து பார்த்தேன். அப்புறம் நான் வந்தேன். பூட்ஸ், பெல்ட், தொப்பி. முதலில் அவளுக்கு என்னைத் தெரியவே இல்லை. அதுதான் கொடுமை. சார்ஜெண்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் போலீஸைப் பார்க்கிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல், பொத்தானைப் பார்த்துக்கொண்டு. நான் சட்டைக் கையை மடித்தேன். நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் தணித்தாவது நடித்திருக்கலாம். ஹால் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. குரல் தானாக வந்தது. என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாக நடித்தேன்.

முடிந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு பனியனோடு ஓடினேன். அவள் இன்னும் நாற்காலியிலேயே இருந்தாள். நான் வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள். எங்கள் ஆட்களை வைத்திருந்த மிஷனில், மேனேஜர் வீட்டுக்குள் நுழைந்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள் என்று கதை கேட்டிருக்கிறேன். கையை முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு.

"நான் போலாமா?" என்றாள்.

என்னிடம். என்னிடம் கேட்டாள்.

பெரியம்மா, நான்தான் பெரியம்மா என்றேன். அப்புறம்தான் அவளுக்குப் பிடிபட்டது. தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ரோனா அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

21 ஜூலை, ஞாயிறு

ரோனா அக்கா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா டீ போட்டுக் கொடுத்தாள். உன் மேல் தப்பில்லை, நல்ல நாடகம், எல்லா ஊரும் பார்க்கணும் என்றாள். பேசும்போதெல்லாம் என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தே பேசினாள். கிளம்பும்போது சட்டைக் கையை லேசாகத் தொட்டாள், அவ்வளவுதான்.

15 ஆகஸ்ட், வியாழன்

விசாரணை முடிந்தது. இயற்கை மரணம். யார் மேலும் குற்றமில்லை. பையன் ராத்திரி முழுக்க அமைதியாகத் தூங்கினான் என்று சார்ஜெண்ட் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னானாம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

17 ஆகஸ்ட், சனி

நாடகத்தை ஊருக்கே கொண்டுபோகிறோம். பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த சார்ஜெண்ட் பார்க்கணும், அவன் ஊரிலேயே அவன் பார்க்கணும் என்கிறாளாம். என்னால் முடியாது என்றேன். அப்படியானால் நாடகம் இல்லை என்றாள் ரோனா அக்கா. ஹாலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

போகிறேன்.

7 செப்டம்பர், சனி

ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் ஆற்றங்கரையில் லாரியை நிறுத்தி, அதன் மேல் நடித்தோம். குடியிருப்பு முழுக்க வந்து புல்லில் உட்கார்ந்தது. பாதியில் போலீஸ் கார் வந்து நின்றது. சார்ஜெண்ட் இறங்கி, கார் மேல் சாய்ந்துகொண்டு கடைசி வரை பார்த்தான். குண்டு ஆள், முன்தலை வழுக்கை, வெயிலில் சிவந்த கழுத்து. பெரியம்மா லாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நாடகம் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் லாரிக்குப் பின்னால் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். சிகரெட் பெட்டியை நீட்டினான்.

"சிட்னியா? காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்களா?"

புரிய ஒரு கணம் பிடித்தது. என்னை வெள்ளைக்கார நடிகன் என்று நினைத்துவிட்டான். நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும். வாய் தானாக ஹோமில் கற்ற பேச்சில் பதில் சொன்னது. ஆமாம், வேலைதானே என்றேன். சிகரெட்டை எடுத்துக்கொண்டேன்.

அவன் பற்றவைத்துவிட்டான். நன்றாக நடிக்கிறாய் என்று பாராட்டினான். அப்புறம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆனா ஒண்ணு தப்பா காட்டுறீங்க. நான் அவன் மேல கையே வெக்கல. எதுக்கு வெக்கணும்? சும்மா கதவைத் தட்டிட்டே இருந்தான். மூச்சு முட்டுதுன்னான், அம்மாவக் கூப்பிட்டான். இவனுங்க எல்லாருமே அப்படித்தான், உள்ள போனா ஒரே நாடகம். ரேடியோவுல குத்துச்சண்டை ஓடிட்டிருந்துச்சு. இவன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ரேடியோ சத்தத்தக் கூட்டி வெச்சேன். அவ்வளவுதாம்ப்பா. சண்டை முடியறதுக்குள்ள அவனும் நிறுத்திட்டான். தூங்கிட்டான்னு நெனச்சேன்."

வருத்தமாகச் சொல்லவில்லை. மறைத்தும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் நாய்த்தொல்லையைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

அடித்திருக்கலாம். கழுத்தைப் பிடித்திருக்கலாம். பேச்சை நிறுத்திவிடுவானோ என்று பயந்து தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவன் கொடுத்த சிகரெட்டைக் கடைசி வரை குடித்து முடித்தேன். கிளம்பும்போது என் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

ஆற்றில் இறங்கி வாயைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

காலையில் பெரியம்மா வீட்டு அடுப்பங்கரையில் எல்லோரிடமும் சொன்னேன். எங்களோடு வந்திருந்த வக்கீலும் இருந்தார். நல்ல ஆள், சின்ன வயசு. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேறு யார் கேட்டார்கள் என்றார். யாருமில்லை. அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்றார். அவனாக நடிக்கிற நடிகன் வந்து சாட்சி சொன்னால் கோர்ட்டில் சிரிப்பார்கள் என்றார். வழக்கு மறுபடி திறக்காது.

டார்சி கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "உன்கிட்ட மட்டும் ஏன்டா சொன்னான்?" என்று கேட்டான்.

எல்லோருக்கும் பதில் தெரியும். ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டுமென்று காத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் என்று நினைத்துக்கொண்டான் என்றேன். நீ இல்லை என்று சொல்லவில்லையா என்றான். சொல்லவில்லை என்றேன். டார்சி தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டான். அவன் தட்டில் டேம்பர் ரொட்டி பாதி அப்படியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு பெரியம்மா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மறுபடி சொல்லு என்றாள். சொன்னேன். தடுமாறித் தடுமாறி, கெட்ட வார்த்தையை எல்லாம் விட்டுவிட்டு.

"அப்படியில்ல. அவன் சொன்ன மாதிரியே சொல்லு. அவன் குரல்ல."

வேண்டாம் பெரியம்மா என்றேன். கெஞ்சினேன்.

"என் புள்ள கடைசியா என்ன சொன்னான்னு தெரிஞ்சவங்க இந்த ஒலகத்துல ரெண்டே பேரு. அவன் என்கிட்ட பேச மாட்டான். நீ சொல்லு."

சொன்னேன். அவன் குரலில், அவன் சிரிப்போடு, 'அவ்வளவுதாம்ப்பா' வரைக்கும். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அம்மாவைக் கூப்பிட்டான் என்ற இடம் வந்தபோது, அங்கே மறுபடி என்றாள். மறுபடி சொன்னேன்.

அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்கு மதியம் இதையே நடி என்றாள். பெல்ட் வேண்டாம். அடி வேண்டாம். ரேடியோ மட்டும்.

அன்றே, மாலை

நடித்தேன்.

டார்சி லாரித் தட்டியின் அந்தப் பக்கம் இருந்து தட்டினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைக் கூட்டினேன். தட்டத் தட்ட இன்னும் கூட்டினேன். தட்டுவது நின்றது. நான் உட்கார்ந்தே இருந்தேன். வேறு ஒன்றும் இல்லை. நேற்று அழுதவர்கள் இன்று அழவில்லை. இப்படித்தான் நடந்தது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இன்றும் அவன் வந்திருந்தான். ரேடியோவைப் பார்த்ததும் கார் மேலிருந்து நிமிர்ந்தான். நாடகம் முடியும் முன்பே கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து லாரிக்குக் கீழே நின்றான்.

"யார்ரா நீ?"

"அவன் அண்ணன்."

என்னை மேலும் கீழும் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான், மறுபடி என் முகத்தைப் பார்த்தான். நேற்று காட்டிய சிநேகம் துடைத்துவிட்ட மாதிரி போய்விட்டது.

"பாத்தா தெரியலையே," என்றான். சிரித்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டான்.

கூட்டம் எழுந்து கத்தியது. டார்சி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான், காலையில் கேட்டதை மனசில் வெச்சுக்காதடா என்று காதில் சொன்னான். ரோனா அக்கா அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னையும் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்தபடியே பெரியம்மாவைத் தேடினேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். இரண்டு காதையும் கையால் பொத்தியிருந்தாள்.

9 செப்டம்பர், திங்கள்

ரயில். எல்லோரும் தூங்குகிறார்கள். பெரியம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

2 நவம்பர், சனி

சார்ஜெண்டுக்குக் கடலோரத்தில் பெரிய ஊருக்கு மாற்றல் ஆகியிருக்கிறதாம். பதவி உயர்வோடு. ரோனா அக்கா பத்திரிகைத் துண்டைச் சுருட்டி எறிந்தாள்.

எங்களுக்கும் அழைப்பு மேல் அழைப்பு. பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த். தெருவில் யாரும் இப்போது 'பாட்டிலை மறைங்கடா' என்பதில்லை. டார்சி என் இடத்தில் கோட்டைப் போடுவதில்லை. பப்பில் எனக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். கூரி என்று நான் இனி யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

24 டிசம்பர், செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகலாமென்று பையைக் கட்டினேன். பெரியம்மா வீட்டில் இந்தத் தடவை யாரும் தங்க இடமில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் டெலிபோனில் சொன்னாள். அந்த வீட்டில் ஐந்து பேர் படுத்த அறையில் பத்துப் பேர் படுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பையைப் பிரிக்கவில்லை. அப்படியே இருக்கிறது.

24 மார்ச் 1975, திங்கள்

தம்பிக்குச் சனிக்கிழமை கல் நட்டார்கள். எல்லோரும் போனார்கள். பெர்த்தில் நாடகம் போடுவது பற்றிப் பேச ஒருவர் இங்கே வருகிறார், நீ இருந்து பார்த்துக்கொள் என்று ரோனா அக்கா சொன்னாள். நான் ஒன்றும் கேட்காமல் இருந்துகொண்டேன். அப்படி யாரும் வரவில்லை.

இன்று ஹாலில் அவளை நிறுத்தி, பெரியம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். நல்லா இருக்கா என்றாள். விடவில்லை நான். சொல்லு அக்கா, எதுவானாலும் சொல்லு.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள்.

"நாடகத்த நிறுத்தக் கூடாதுன்னா. அவன் எந்த ஊருக்கு மாத்திப் போனாலும் அந்த ஊருக்குப் போய் நடிங்கன்னா. அந்த வேஷத்த வேற யாருக்கும் குடுக்காத, கிளெம் மாதிரி யாராலயும் முடியாதுன்னா. கோவம் ஒண்ணும் இல்லையாம். எம் புள்ளதான்னுதான் சொல்றா. ஆனா வீட்டுக்கு மட்டும் வர வேணாம்னு சொல்லச் சொன்னா. நீ வாயத் தொறந்தா அவளுக்கு ரேடியோ கேக்குதாம்."

வெளியே ரயில்வே பட்டறையில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. டார்சியும் மற்றவர்களும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டாள்.

சரி பெரியம்மான்னு சொல்லு என்றேன்.